இன்னாசி சூசையின் தாய்மாமன்

டாக்டர் இக்னேஷியஸ் ஜோசப் தமிழர் இல்லை. இதை நான் கோயிலில் சொன்னேன், கடைத்தெருவில் சொன்னேன், பசுந்தாங்கில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மாதாமேல் ஆணையாகவும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ரங்கூன் தமிழர்கள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அப்புறம் உண்மையே நேரில் வந்து கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டார்கள்.

அறுபத்தொன்றாம் வருடம் ஐக்கிய நாடுகள் சபை அவரைப் பர்மா சர்க்காருக்குப் பொருளாதார ஆலோசகராக அனுப்பியது. திட்ட அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் சுருக்கெழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம் இருந்ததால் என்னை அவர் அறைக்குள் தள்ளிவிட்டார்கள். கரிபியன் கடலில் டொமினிக்கா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே கரும்புத் தோட்டத்துக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வம்சம் அவர். நிறம் எங்கள் அப்பா நிறம். மூக்கு ஏறக்குறைய எங்கள் சித்தப்பா மூக்கு. லண்டனில் படிக்கப் போன காலத்தில், கடிதத்தில் "வாருங்கள்" என்று எழுதிய வீட்டுக்காரிகள் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததும் "அறை இப்போதுதான் போயிற்று" என்பார்களாம். அதே ஊரில் அவர் பேராசிரியர் ஆனார். அந்தக் கல்லூரியில் கறுப்பர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்த வீட்டுக்காரிகளின் பிள்ளைகளே அவரிடம் வந்து நோட்ஸ் எடுத்தார்கள்.

அவருடைய சித்தாந்தம் என்னவென்றால், ஏழைக்கு எல்லாமே விலை அதிகம். பணக்காரன் எண்ணெயை டின்னாக வாங்குகிறான். ஏழை கரண்டியாக வாங்குகிறான். கரண்டிகளைக் கூட்டிப் பார்த்தால் டின்னைவிட எங்கேயோ போய் நிற்கும். ஆகவே ஏழையாக இருப்பதுதான் உலகத்திலேயே பெரிய செலவு. இது அவர் புத்தகத்தின் முதல் பக்கம். மிச்சப் பக்கங்கள் எல்லாம் மற்றப் பேராசிரியர்கள் நம்புவதற்காக எழுதியவை. அவற்றை டைப் அடித்தவள் சொல்கிறேன், எனக்கு முதல் பக்கமே போதுமாக இருந்தது.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஆதாரம் தேடி அவர் சந்தை சந்தையாகப் போனார். பின்னால் விலை எழுதிக்கொண்டு நான். தாமுவே சந்தையில் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள், மூன்று காய்ந்த மிளகாய் என்று வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் மார்த்தா அக்கா எங்களைப் பார்த்தாள். தாமுவேயில் மரியாயின் சேனைக்கு அவள் தலைவி. சேனை என்றால் ஜெபமாலை சொல்கிற சேனைதான். ஆனால் ஊர்ச்செய்தி சேகரிப்பதில் எந்த ராணுவமும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

"ஏண்டி செலினு, ஒங்க தொர மொளகா மூணே மூணு வாங்குறாரே. அதுக்கும் பேரம் பேசுறாரு."

"ஆராய்ச்சி பண்றாருக்கா."

"இதுவா ஆராய்ச்சி? அப்ப எங்க மாமியா காலம் பூரா ஆராய்ச்சிதான் பண்ணுனா. அவரு பேரு என்ன?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"இக்னேஷியஸ் ஜோசப்பா. இன்னாசி சூசைன்னு சொல்லு. தூத்துக்குடிப் பக்கமா, திருச்சிப் பக்கமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வந்தார். வந்தவர் பின்பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அப்போது பூசை லத்தீனில்தான். சாமியார் சொல்லச் சொல்ல, எங்கள் உபதேசியார் ஞானமுத்துவே விழுங்கிவிடுகிற பதில்களைக்கூட அவர் முழுதாகச் சொன்னார். அவ்வளவுதான். பூசை முடிவதற்குள் அவர் மதுரைப் பக்கம் குருமடத்தில் படித்து ஓடிவந்தவர் என்று முடிவாகிவிட்டது. தமிழ் பேசவில்லையே என்றால், அது திமிர். தொப்பி போட்டதும் தமிழ் மறந்துபோன கிளார்க்குகளை ரங்கூன் நிறையப் பார்த்திருக்கிறது. நேற்றுவரை அந்தோணியாக இருந்தவன் கம்பெனியில் வேலை கிடைத்ததும் துரைமாதிரி மூக்கால் பேசின கதை வீதிக்கு ஒன்று உண்டு.

பபேடானில் எண்ணெய்க்கடை வைத்திருந்த அப்துல் ரவூப் பாய்க்கு மட்டும் வேறு அபிப்பிராயம். "அவரு வாப்பா காயல்பட்டணமா இருக்கும்மா. யூசுப்னு வெச்ச பேரு. கப்பல்ல போன எடத்துல எவனோ பாதிரி புடிச்சு ஜோசப்பாக்கிட்டான்" என்றார். அன்றிலிருந்து மார்த்தா அக்கா அவர் கடையில் எண்ணெய் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

பாவம், ஜோசப்புக்கு ஒன்றும் தெரியாது. வழியில் போகிறவர்கள் நின்று தமிழில் ஏதோ சொல்வார்கள். அவர் தொப்பியைத் தூக்கிக் காலை வணக்கம் சொல்வார். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "மிஸ் செலின், உங்கள் ஆட்கள் வாழ்த்துகிறார்களா, திட்டுகிறார்களா?"

"எங்கள் மொழியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, டாக்டர்" என்றேன்.

எல்லாரையும்விடக் கோபம் எங்கள் அப்பாவுக்குத்தான். அப்பா பெயர் அமிர்தநாதன். வெள்ளைக்காரர்களின் கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பர்மா சுதந்திரம் அடைந்தபோது, குடியுரிமைக்கு எழுதிப் போடுங்கள் என்று ஊரே சொன்னது. நான் எழுதிப் போட்டேன்; இங்கே பிறந்தவள், கிடைத்தது. அப்பா மாட்டேன் என்றார். எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்கிற இடத்திலெல்லாம் "பிரிட்டிஷ் பிரஜை" என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் வருடக்கணக்கான பிறகும் எழுதினார். அப்படிப்பட்டவர்தான் ஜோசப்பைப் பார்த்து, "சொந்த ஊரச் சொல்ல வெக்கப்படுறான் பாரு" என்று பல்லைக் கடித்தார். நான் சிரித்தால் என்மேல் எரிந்து விழுவார்.

அறுபத்திரண்டு மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த வருடக் கடைசியில் அப்பாவின் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போனோம். முடியாது என்றார்கள். அன்னியர் அவரவர் நாட்டுக்குப் போய்ச் சேரட்டும், இந்தியாவுக்குக் கப்பல் இருக்கிறது என்றார்கள்.

அப்பா படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க போறது, செலின்? ஏழு வயசுல வந்தவன். நாகப்பட்டணத்துல எனக்குத் தெரிஞ்சது அந்தத் தொறமொகம் மட்டும்தான். அதையும் கப்பல்ல இருந்துதான் பாத்தேன்."

அம்மா போன பிறகு எனக்கு அவர், அவருக்கு நான். கூடவே போய்விடலாம் என்றால் பர்மாக் குடிமகளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கமாட்டார்கள். அன்னியன் இருக்கக் கூடாது, குடிமகள் போகக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவனுக்கு ஒரு மகள்கூட இருந்திருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தி மார்த்தா அக்காவை எட்டியது. அவள் அன்றே வந்தாள்.

"இதுக்கு ஏண்டி அழுவுற. இன்னாசி ஐ.நா. ஆளு. அவரு ஒரு வார்த்த சொன்னா மந்திரியே கேப்பாரு. மொதல்ல அவரு நம்ம ஆளுன்னு ஒத்துக்கணும். கோயில் திருவிழாவுக்குச் சாப்பிடக் கூப்புடு. வாயில சோறு உள்ளே போனா உண்மை வெளிய வரும்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கூப்பிட்டேன். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். கோழிக்குழம்பை ஒரு கை பார்த்தார். அவர் தீவிலும் இதேபோல ஒரு குழம்பு வைப்பார்கள் என்றார். மார்த்தா அக்கா என்னை முழங்கையால் இடித்தாள்.

அப்பா பரிமாறுவதை நிறுத்திவிட்டு, நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர், வேண்டுமென்றே தமிழில் ஆரம்பித்தார்.

"தம்பி, ஒங்கள யாரும் தூக்குல போடப்போறதில்ல. நான் இன்ன ஊரு, இன்னாரு மகன், அவ்வளவு சொன்னா போதும். தமிழன்னு சொன்னா சம்பளத்தக் கொறச்சிருவாங்களா? நான் கப்பலேறுற நேரத்துல கூட வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்களே. இது நல்லாயிருக்கா?"

ஜோசப் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம் மெல்ல, "உன் தந்தை ஜெபம் சொல்கிறாரா?" என்றார்.

"கிட்டத்தட்ட" என்றேன்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரசத்தில் ஒரு கரண்டி மொண்டு, சோற்றில் ஊற்றுவதுபோல வந்து, நேராக அவர் மடியில் ஊற்றினார்.

ஜோசப் நாற்காலியோடு எகிறினார். கத்தினார். தன் தீவின் பிரெஞ்சுக் கொச்சையில் ஆண்டவரை, மாதாவை, நாலைந்து அர்ச்சிஷ்டவர்களை எல்லாம் கூப்பிட்டார். நான் தண்ணீரோடு ஓடினேன். மார்த்தா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் காலிக் கரண்டியோடு அசையாமல் நின்றார்.

"ஐயோன்னு வரலியே" என்றார். "அம்மான்னும் வரலியே."

"நடிப்பு" என்றாள் மார்த்தா அக்கா.

"சூடு படும்போது எவனும் நடிக்க மாட்டான், மார்த்தா. சுட்டா சொந்த பாஷைதான் வரும். இந்தப் பையன் நெசமாவே நம்ம ஆளு இல்ல."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அம்மாவின் அடக்கத்துக்குக்கூட அழாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்த ரசத்தோடு போய்விட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை.

ஜோசப் அப்பாவின் லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தொடையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வந்து, "யாராவது எனக்கு விளக்கம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மிளகாய், லத்தீன், தூத்துக்குடி, காயல்பட்டணம், அப்பாவின் அனுமதி, எல்லாம். முதலில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னை இதுவரை யாரும் எந்த ஊர் என்று இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை" என்றார். "எங்களைக் கப்பலில் ஏற்றியவர்கள் ஊர்ப் பெயர் எழுதி வைக்கவில்லை. ஆப்பிரிக்கா என்பார்கள். அது ஒரு ஊரா? உன் தந்தைக்கு ஒரு துறைமுகத்தின் பெயராவது தெரிகிறது."

இதைக் கேட்டு அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டு அவரைப் பார்த்தார். அவரிடம் நேராகக் கேட்காமல் என்னிடம், "எண்ணெய் எரியுதான்னு கேளு" என்றார். அதுதான் அப்பாவின் மன்னிப்பு. அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மறுநாள் ஜோசப் ஐ.நா. காரை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். மூன்று பேரும் குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். வாசல் காவலாளி உள்ளே போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது: "கலா ரெண்டு பேரு, கூட ஒரு பொம்பள." பர்மாவில் இந்தியர்களைக் கலா என்பார்கள். உலகம் தெரிந்த பேராசிரியர், புத்தகம் எழுதியவர், அங்கே வெறும் ரெண்டாவது கலா. அவருக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர்தான். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "இந்தப் பெரியவர் இவருக்கு என்ன வேணும்?" என்று பர்மியில் கேட்டார். நான் இங்கிலீஷில் கேட்டேன். தெரிந்தவர், மரியாதைக்குரியவர் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அங்கிள்" என்றார் ஜோசப். "என் தாயின் உடன்பிறந்த சகோதரர்."

வெள்ளைக்காரப் பாஷையில் அங்கிள் என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள்தான். ஆனால் தாயின் சகோதரர் என்று இவர் அழுத்திச் சொல்லிவிட்டார். தாய்மாமன் என்றால் எங்களுக்கு என்னவென்று அந்த மனிதருக்குத் தெரியுமா? காது குத்த மடி கொடுக்கிறவர், கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிறவர், இழவு வீட்டில் அவர் வராமல் பெட்டியை எடுக்கமுடியாது. அப்படிப்பட்ட பதவியை ஒரே வாக்கியத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதிகாரி காத்திருந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். ஜோசப்பைப் பார்த்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தார்.

"பாத்தாலே தெரியுதே" என்று முத்திரையைக் குத்தினார். ஐ.நா. ஆலோசகரின் குடும்பத்தார் என்ற வகையில், அவர் பர்மாவில் இருக்கும்வரை அப்பாவும் இருக்கலாம். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் முகமே ஆதாரம் ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் அப்பா, "பொய் சொல்லிட்டாரே, செலின்" என்றார்.

"ஒங்களுக்காகத்தானப்பா."

"பொய் பொய்தான். பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்."

"அவரு சொல்லிக்குவாரு. நீங்க பேசாம கார்ல ஏறுங்க."

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஜோசப்பைக் கேட்டேன். "ஏழைக்கு எல்லாமே விலை அதிகம் என்று ஒரு புத்தகம் முழுக்க எழுதிவிட்டேன். உறவாவது மலிவாகக் கிடைக்கட்டுமே" என்றார். பிறகு அந்த உறவை எங்கள் மொழியில் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுக்கொண்டு, "மாமா" என்று ஒரு தடவை சொல்லிப்பார்த்தார். அப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு "ம்" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க எங்கள் ஊரில் ஆண்டிகளுக்கா பஞ்சம்? ரசக் கரண்டியைத் தன் கண்ணால் பார்த்த மார்த்தா அக்காவே, "நடிப்புன்னு நான் அன்னைக்கே சொன்னேனே, சர்க்காரே முத்திர குத்திருச்சு" என்று தாமுவே முழுக்கத் தமுக்கடித்தாள். அடுத்து அவள் மூளை எங்கே போகும் என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமிர்தநாதன் தாய்மாமன் என்றால் அமிர்தநாதன் மகள் முறைப்பெண்.

"அவருக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ள இருக்குக்கா. மேசமேல போட்டோவே இருக்கு."

"அது தங்கச்சியா இருக்கும்டி. தங்கச்சி பிள்ளைங்களா இருக்கும். மொறப்பொண்ணு இருக்கும்போது எந்தத் தமிழன் வெளிய போயிக் கட்டுவான்?"

பேச்சு சாமியார்வரை போயிற்று. நெருங்கின ரத்த உறவில் கல்யாணம் என்றால் ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். அதற்கு எழுதிப் போடலாமா என்று கேட்டுவரச் சொல்லி உபதேசியாரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். இல்லாத ரத்தத்துக்கு ஆயரிடம் விலக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் என்ன சொல்வேன்? முறை இல்லை என்றால் மாமன் இல்லை. மாமன் இல்லை என்றால் அப்பாவுக்குக் கப்பல். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே என் வாயை அல்லவா மூட வேண்டியிருந்தது. "இப்ப என்ன அவசரம்னு சாமியார்கிட்ட சொல்லுங்க" என்று உபதேசியாரை அனுப்பிவிட்டு, சமையலறையில் ஒரு பாத்திரத்தைத் தூக்கி அடித்தேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து ஜோசப் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். அப்பா மருமகனை விரட்டு விரட்டென்று விரட்டுவார். ஏன் இளைத்துப் போனாய், ஏன் குடையில்லாமல் வந்தாய், மனைவிக்குக் கடிதம் போட்டாயா. அவருடைய புத்தகப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, தலைமைக் கிளார்க் தோரணையில் காற்புள்ளிகளைத் திருத்துவார். உலகம் மெச்சிய பேராசிரியர் திட்டு வாங்கிக்கொண்டு மோர் குடிப்பார். பொய்யில் ஆரம்பித்தது எந்த வாரத்தில் நிஜமானது என்று எனக்குத் தெரியவில்லை.

அறுபத்துநாலில் சர்க்கார் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. ரவூப் பாயின் எண்ணெய்க்கடையில் நம்பர் போட்டு, மக்கள் கடை என்று பலகை மாட்டினார்கள். பாய் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஜோசப் தன் அறிக்கையில் எழுதினார்: "முன்பு எண்ணெய் ஏழைக்கு ஒரு விலை, பணக்காரனுக்கு ஒரு விலை. இப்போது இருவருக்கும் ஒன்றுதான், எண்ணெய் இல்லை." வேண்டாம் டாக்டர் என்றேன். டைப் அடி என்றார். அடித்தேன். அவருடைய சேவைக்கு நன்றி தெரிவித்து, வீட்டுக்குப் போகலாம் என்று சர்க்கார் பதில் போட்டது.

அதே அலுவலகம், அதே அதிகாரி, அதே வெற்றிலை. "மருமகன் போறாருன்னா மாமாவும் போகணும்" என்றார். அனுமதி அப்படித்தான் எழுதியிருந்தது.

ஜோசப் துடித்துப் போனார். "நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

"சொன்னால் பொய்ச் சாட்சிக்கு அப்பாவுக்கு முதலில் ஜெயில், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல்" என்றேன். "நீங்கள் சும்மா இருங்கள்."

நான் அந்த அதிகாரியிடம் தனியாகப் போனேன். கெஞ்சுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று கெஞ்சினேன். நான் பர்மாக் குடிமகள், இங்கே பிறந்தவள், இவர் என்னைப் பெற்ற அப்பா, என் வீட்டில் என்னோடு இருக்கட்டும், என் சம்பளத்தில் சாப்பிடட்டும் என்றேன். அவர் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வருத்தத்தோடுதான் சொன்னார்: "மகள்னு ஒரு விதி இதுல இல்லையேம்மா."

ஜோசப்புக்கு மாமாவாக இருப்பதற்கு அப்பாவுக்கு ஒரே முத்திரையில் அனுமதி கிடைத்தது. எனக்கு அப்பாவாக இருப்பதற்குக் கிடைக்கவில்லை. அந்தப் படிகளில் இறங்கும்போது யார் தலையிலாவது எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டில் ஜோசப்பும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஜோசப் தன் தீவுக்கே திரும்பப்போகிறார், அப்பாவையும் கூட்டிப்போகிறேன் என்கிறார். இந்தியாவா, டொமினிக்காவா என்று அப்பாதான் சொல்ல வேண்டும்.

"அந்தத் தீவு இன்னும் ராணி கையிலதான இருக்கு?" என்று கேட்டார் அப்பா.

ஆமாம் என்றார் ஜோசப்.

"அப்ப அங்க நான் பிரிட்டிஷ் பிரஜை" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"என்னைய விட்டுட்டுப் போறீங்களாப்பா?"

"நானாம்மா விடுறேன்? நாகப்பட்டணத்துல எறங்குனா, நீ யாருன்னு கேக்கக்கூட ஆளு கெடையாது. அங்க மாமான்னு கூப்புட ஒருத்தனாச்சும் இருக்கான்."

மிங்கலாடன் விமான நிலையத்துக்கு மார்த்தா அக்காகூட வந்திருந்தாள். ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடியைக் கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அப்பா என் நெற்றியில் சிலுவை போட்டார். பெட்டியை மருமகன் தூக்குகிற விதம் சரியில்லை என்று திட்டிக்கொண்டே நடந்தார். ஜோசப் அவரைக் கைத்தாங்கலாக விமானப் படியில் ஏற்றினார். எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. அது நான் செய்ய வேண்டிய வேலை.

அப்பாவின் கடிதங்கள் வந்தன. எல்லாம் புகார். அரிசி தடி, இட்லி கிடையாது, பூசையில் பாட்டு இழுவை, யாருக்கும் காற்புள்ளி போடத் தெரியவில்லை. ஜோசப்பின் தாயாருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, இருவரும் தினம் ஆளுக்கொரு பாஷையில் சண்டை போடுகிறார்கள் என்று அவர் மனைவி யூனிஸ் ஒரு வரி சேர்த்திருந்தாள். அதைப் படித்துத்தான் அப்பா சௌக்கியம் என்று நான் தெரிந்துகொண்டேன்.

அறுபத்தெட்டில் யூனிஸ் தனியாக எழுதினாள். ஜோசப் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கூடவே பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டு. பல தேசங்களுக்குத் திட்டம் வகுத்தவர், ஏழையின் கணக்கை உலகத்துக்குக் கற்பித்தவர், அவர் சீடர்கள் எத்தனையோ நாடுகளில் பதவியில் இருக்கிறார்கள் என்று நீளமாகப் போட்டிருந்தார்கள். கடைசி வரியில், அவருக்குத் தாயும், மனைவியும், ஒரு மகனும், ஒரு மகளும், திரு. அமிர்தநாதன் என்ற தாய்மாமனும் இருக்கிறார்கள் என்று இருந்தது.

எனக்கு ஜோசப்புக்காக அழுகை வருவதற்கு முன்னால் பயம்தான் வந்தது. மருமகன் போனால் மாமாவும் போகணும் என்று அங்கேயும் ஒருவன் வெற்றிலையோடு உட்கார்ந்திருப்பானே. அவசரமாக மிச்சக் கடிதத்தைப் படித்தேன்.

யூனிஸ் எழுதியிருந்தாள்: அடக்கம் முடிந்த வாரமே அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். போன வருடம் தீவுக்குச் சொந்த ஆட்சி வந்துவிட்டது, இனி பிரிட்டிஷ் பிரஜை என்பது மட்டும் போதாது, அழைத்து வந்தவரும் இல்லை, இந்தக் கிழவர் எந்த உரிமையில் இங்கே தங்குவார் என்று கேட்டார். கிழவர் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அப்போது என் மாமியார், எழுந்து நடக்கவே மற்றவர் துணை வேண்டியவள், கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மகன் போன நாளிலிருந்து யாரிடமும் பேசாமல் இருந்தவள், அந்த அதிகாரியிடம் பேசினாள். "அவன் என் தம்பி. என் தம்பி என் வீட்டில் இருக்க நான் யாரிடம் கேட்க வேண்டும்?" என்றாள். அதிகாரி இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் அவர்கள் மறுபடி சண்டை போட்டார்கள்.

கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் ஞானமுத்து, இறந்தவர்களுக்காகச் சொல்கிற பூசைக்குப் பேர் எழுதுகிற மேசையில் இருந்தார். மார்த்தா அக்கா பீடத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"எறந்தவர் பேரு?" என்றார் உபதேசியார்.

"இன்னாசி சூசை" என்றேன்.

"ஒங்களுக்கு என்ன ஒறவு?"

"அத்தை மகன்" என்றேன். "எங்கப்பா கூடப்பொறந்த அக்கா மகன்."

அவர் எழுதிக்கொண்டார்.